பதினாறு கை போதாது

1

இந்தக் கதை ஒரு கடிதமாகத்தான் பிறந்தது. வாரப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியருக்கு ஒன்பது பக்கம் எழுதினேன். நாற்பத்து நான்கு வருஷமாக ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவள் நான். இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்கிற கட்சி. எதிர்க்கட்சிக்காரன்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று அதில் எழுதியிருந்தேன். இடிப்பேன் என்று சொல்லிவிட்டு இடிக்க வருகிறான், அதில் ஒரு நேர்மை இருக்கிறது. எங்கள் ஓட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், பாதிதானே இடித்தார்கள் என்று சிரித்துக்கொண்டு திரும்பி வருகிற எங்கள் ஆட்களைப் பற்றித்தான் மீதி எட்டரைப் பக்கமும்.

ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். "விஷயம் நல்லா இருக்கும்மா. கொஞ்சம் மிதமா எழுதித் தர முடியுமா?"

மிதவாதிகளைத் திட்டி எழுதியதை மிதமாக எழுதச் சொன்ன அந்தப் புண்ணியவானுக்கு நான் சொன்ன பதில் அச்சுக்கு ஆகாது. கதையாக எழுதினால் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். தப்புக் கணக்கு. இப்போது கதைக்குள் இருக்கிறவர்களே கேட்கிறார்கள்.

2

முதல் தொடக்கம்: 'பார்க்கலாம் என்று பட்டப்பெயர் வாங்கிய அந்தக் கவுன்சிலர் ஒரு பச்சோந்தி—'

அடித்துவிட்டேன். பச்சோந்திக்காவது உட்கார்ந்திருக்கிற நேரத்தில் ஒரே நிறம் இருக்கும்.

இரண்டாவது: 'மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மதியம்—'

மழை எதற்கு? மழை பெய்திருந்தால் கிளைக் கூட்டத்துக்குப் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். கதையே நடந்திருக்காது.

மூன்றாவதுதான் தானாக வந்தது. எனக்குக் கதை பேச்சாகத்தான் காதில் விழும். முகம் மெதுவாக வரும். சட்டை என்ன நிறம் என்று கடைசிவரை தெரியாமலே போனதும் உண்டு.

"வார விடுமுறையை வித்துட்டு வந்துட்டீங்களே, மாப்பிள்ளை."

"விக்கல மச்சான். பாதியைக் காப்பாத்தியிருக்கேன்."

"ஷட்டர் பாதி ஏறியிருந்தாலே கடை தொறந்திருக்குன்னுதான் அர்த்தம்."

"குனிஞ்சுதானே உள்ள வரணும்?"

குற்றம் சாட்டுகிறவர் கண்ணாடிக்காரர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், எங்கள் கட்சியின் கிளைச் செயலாளர். இருபத்திரண்டு வருஷமாக வளையாதவர் என்று பெயர். வேறு சொத்து என்று அவருக்குப் பெரிதாக இல்லை, அந்தப் பெயர்தான். குனிவதைப் பற்றிப் பேசுகிறவர் அவருடைய தங்கை கணவர், கவுன்சிலர். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

(குனிவதைப் பற்றிய அந்த வரியைக் கவனித்தீர்களா? அவரைத் தோலுரிப்பதற்காக உட்கார்ந்தவள் நான். இரண்டாவது பக்கத்திலேயே நல்ல வரியை அவர் தட்டிக்கொண்டு போய்விட்டார். மிதவாதிகளுக்கு இது கைவந்த கலை.)

3

விஷயம் இதுதான். அந்த ஊரில் வாரத்தில் ஒரு நாள் எல்லாக் கடையும் மூட வேண்டும். பழைய விதி. எங்கள் கட்சி அதைக் காப்போம் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டது. ஏழு நாளும் திறக்க வேண்டும் என்று எதிர்க்கட்சி நகரசபையில் தீர்மானம் கொண்டுவந்தது. பார்க்கலாம் எழுந்து, மதியம் இரண்டு மணிவரை மூடலாம், பிறகு திறக்கலாம் என்றார். இரண்டு பக்கமும் கைதட்டியது. கைதட்டலில் ஒரு பக்கம் மட்டும் தட்டினால் நம்பலாம், இரண்டு பக்கமும் தட்டினால் யாரோ ஏமாந்திருக்கிறார்கள் என்று என் கடிதத்தில் எழுதியிருந்தேன். ஆசிரியர் முதலில் வெட்டச் சொன்ன வரி அதுதான்.

கோபத்தைத் தத்துவமாக எழுதினால் யாருக்கும் உறைக்காது. ஆகவே கணக்கு டீச்சர். ஓய்வுபெற்றவர், தனியாக இருப்பவர். மகள் ஊரின் மறுகோடியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். இரண்டு பஸ் மாறி வந்து அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள், வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும். இப்போது இரண்டு மணிக்குக் கடை திறக்க ஒரு மணிக்கே அங்கே நிற்க வேண்டும். அரை நாளில் வருவது எப்போது, போவது எப்போது? மூன்று வாரமாக அவள் வரவில்லை. டீச்சர் கண்ணாடிக் கடைக்கு வந்து, பிரேம் திருகு கழன்றதைச் சாக்கு வைத்துக்கொண்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்க மாப்பிள்ளைக்கு அரை நாள்னா அரை. எனக்கு அது பூஜ்யம். பின்னத்தை எனக்கே சொல்லித் தர்றாரா அவரு?"

கண்ணாடிக்காரர் திருகை முடுக்கிக்கொண்டே, அடுத்த தேர்தலில் அவருக்கு இந்த வார்டில் சீட்டு கிடையாது, கூட்டம் போட்டு இறக்கிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். தங்கை என்ன சொல்வாளோ என்று டீச்சர் இழுத்தார். குடும்பம் வேறு, கொள்கை வேறு என்றார் கண்ணாடிக்காரர். (தங்கை சொன்னதைப் பிறகுதான் கேட்டேன்: "தாராளமா இறக்குங்க அண்ணே. மனுஷன் ஒரு நாளாவது வீட்டுல இருக்கட்டும்." அவளுக்கென்று ஒரு கதை எழுத வேண்டும்.)

4

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மன்னிக்கவும், வேறு வழி தெரியவில்லை.

கிளைக்கு ஒரு விதிப்புத்தகம் உண்டு. பதினான்கு பக்கம், ஒரே பிரதி. பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு யாரும் திரும்ப வாங்காத கண்ணாடிகளுக்கு அடியில், கண்ணாடிக்காரரின் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பதவியில் இருப்பவருக்குச் சீட்டை மறுக்க, வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கை தூக்க வேண்டும் என்கிறது ஏழாம் விதி. ஐந்து வருஷத்துக்கு முன் இதை மாற்றலாம் என்றார் பார்க்கலாம். பாதிக்கு மேல் ஒருவர் போதுமே, கட்சிக்காரர்கள் தங்கள் ஆளைத் தாங்களே கேள்வி கேட்க வசதியாக இருக்குமே என்றார். கண்ணாடிக்காரர் எழுந்து நாற்பது நிமிஷம் பேசினார். "இன்னைக்கு ஒரு எழுத்தைத் தொட்டா, நாளைக்குப் பக்கத்தையே கிழிப்பாங்க." திருத்தம் தோற்றது. அதை எதிர்த்து முதலில் தூக்கிய கை கணக்கு டீச்சருடையது.

பிறகு எல்லாரும் அதை மறந்துபோனார்கள். எங்கள் ஆட்களுக்கு விதிப்புத்தகம் என்றால் உயிர். அதனால்தான் யாரும் அதைப் பிரித்துப் படித்து அழுக்காக்குவதில்லை.*

* ஒரு கிளை முழுக்கவா படிக்காமல் இருக்கும் என்று கேட்கலாம். நாற்பத்து நான்கு வருஷ ஓட்டில் என் கட்சியின் தேர்தல் அறிக்கையை நான் முழுதாகப் படித்தது— சரி, விடுங்கள்.

5

கூட்டம் எங்கள் கட்சிக்காரர் ஒருவரின் பூட்டுக்கடைக்கு மேல்மாடியில். எண்ணெய் நாற்றம், பிளாஸ்டிக் நாற்காலிகள், சுற்றுவதைவிடச் சத்தம் அதிகம் போடுகிற மின்விசிறி. வார விடுமுறை நாள். இரண்டு மணிக்குத் தெருவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. ஒவ்வொரு சத்தத்துக்கும் மாடியில் முகங்கள் இறுகின. நாலாவதாகக் கடைப் பையன் ஏற்றியது கீழே இருந்த பூட்டுக்கடையின் ஷட்டரேதான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பக்கத்துல தொறந்து வச்சிருக்கான், நான் மட்டும் மூடி வச்சு என்ன பண்ண?" என்றார் பூட்டுக்கடைக்காரர். சொல்லிவிட்டு, பார்க்கலாத்தைக் காட்டி, இந்தப் பாவம் அவரைத்தான் சேரும் என்றார்.

பார்க்கலாம் தன் பக்கத்தைச் சொன்னார். சபையில் அவர்கள் ஏழு பேர், நாம் ஆறு. முழு நாளுக்கு அடம்பிடித்திருந்தால் முழு நாளும் போயிருக்கும். டீச்சர் எழுந்தார். "போயிருக்கட்டுமே. தோத்துட்டு வந்திருந்தீங்கன்னா உங்களுக்காகத் தெருவுல நின்னிருப்பேன். நீங்க ஜெயிச்சிட்டேன்னு சொல்லிக்கிட்டு வந்தீங்க."

இந்த ஒரு வரிக்காகத்தான் ஒன்பது பக்கக் கடிதம் எழுதியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

கை தூக்கச் சொன்னார்கள். கூட்டம் நடத்துகிற செயலாளருக்கு ஓட்டில்லை, அவரைத் தவிர வந்திருந்தவர்கள் இருபத்தேழு பேர். கண்ணாடிக்காரர் எண்ணினார். பதினாறு. மறுபடி எண்ணினார். பதினாறேதான். அறையில் சிரிப்பும் கைகுலுக்கலுமாக இருந்தது, பாதிக்கு மேல் வந்துவிட்டதல்லவா. மூன்றில் இரண்டு பங்கென்றால் பதினெட்டு என்று அந்த அறையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அன்று காலைதான் மேஜை இழுப்பறையைத் திறந்து புத்தகத்தைப் பிரித்தவர். இன்னொருவர் அந்த விதியை மாற்றப் பார்த்துத் தோற்றவர்.

இரண்டு கை. எழுதுகிறவள் நான்தானே, சேர்த்துவிட்டால் என்ன? சேர்த்தேன். தபால்காரரும் அவர் மனைவியும் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்கள். "மன்னிக்கணும், பஸ்ஸு லேட்டு—" என்று கையைத் தூக்கினார்கள். பதினெட்டு. பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். கணக்கு டீச்சர் கதைக்குள்ளிருந்தே என் தாளை எட்டிப் பார்த்துத் திருத்தினார்: இப்போது மொத்தம் இருபத்தொன்பது பேர், இருபது கை வேண்டும். தபால்காரரையும் மனைவியையும் படியிறக்கி அனுப்பிவிட்டேன்.

6

சரி, அந்தப் பார்க்கலாம் ஏன் வாயைத் திறக்கவில்லை? அவரைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு நாள் வாதாடினேன். விதி உங்கள் பக்கம் இருக்கிறதே ஐயா, எழுந்து சொல்ல வேண்டியதுதானே?

"நான் சொன்னா தப்பிக்கப் பாக்குறான்னு சொல்வாங்கம்மா. மச்சான் சொன்னாத்தான் அது விதி."

அவர் சொல்லாவிட்டால்?

"அப்ப நான் அஞ்சு வருஷம் முன்னாடி கேட்ட திருத்தம் இன்னைக்கு ஜெயிச்சிடுச்சுன்னு வீட்டுக்குப் போறேன்."

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காமல் செய்துகொள்ள நான் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாது.

முதல் முடிவை எனக்குப் பிடித்தபடி எழுதினேன். கண்ணாடிக்காரர் புத்தகத்தைத் திறக்கவில்லை. "தீர்மானம் நிறைவேறியது" என்கிறார். பார்க்கலாம் இறங்கிப் போகிறார். டீச்சர் அழுகிறார். எனக்கும் கண் நிறைந்தது. எழுதி முடித்துவிட்டு, மறுநாள் காலையில் கண்ணாடிக்காரர் கடை திறந்து என்ன பேசுகிறார் என்று காது கொடுத்துக் கேட்டேன். ஒன்றும் பேசவில்லை. வாடிக்கையாளர் வருகிறார், லென்ஸைத் துடைக்கிறார், கொடுக்கிறார். பேச்சே இல்லை. பேசாத மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பக்கத்தைக் கிழித்தேன்.

ஆகவே, வேண்டாவெறுப்பாக, இது:

கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். தன் கண்ணாடியை ஒருமுறை துடைத்தார், தேவையில்லாமல். ஏழாம் விதியை ஒரு சொல் விடாமல் வாசித்தார். "பதினெட்டு வேணும். பதினாறுதான் இருக்கு. தீர்மானம் விழுந்துடுச்சு."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குப் பதில் சொல்லத் தெரியும். நாற்காலிகள் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. பூட்டுக்கடைக்காரர், இதை யார் எழுதி வைத்தது என்று விசாரித்தார். மாற்ற வந்தபோது மறுத்தவர்கள் நாம்தான் என்று சொல்ல அங்கே யாருக்கும் மனசில்லை. டீச்சர் அவர் அருகே வந்தார். திருகு முடுக்கித் தந்த அதே கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"நீங்களும் அவரு ஆளுதானா?"

இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடிக்காரர் மற்றவர்களைக் கேட்ட கேள்வி அது. அதற்கு எல்லாரும் என்ன பதில் சொல்லித் தடுமாறினார்கள் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். ஒன்றுகூட நினைவில் இல்லை. அவர் அந்தப் பதில்களைக் காதில் வாங்கியதே இல்லை.

7

மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே தெருவில்தான் வீட்டுக்குப் போயாக வேண்டும். இருபக்கமும் கடைகள் திறந்திருந்தன. அடுத்த வாரம் செயலாளர் தேர்தல், எதிர்த்து நிற்கப் போவது பூட்டுக்கடைக்காரர். அதற்கு மூன்றில் இரண்டெல்லாம் தேவையில்லை, பாதிக்கு மேல் ஒரு கை போதும். இருபத்தேழில் பதினான்கு. பதினாறு பேரும் இன்று கண்ணாடிக்காரரைப் பார்த்த பார்வையில் ஒரு கைகூடத் தேறாது.

பார்க்கலாம் திறந்த கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு, தன்னையும் சேர்த்து இன்று கை தூக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் பதினோரு பேர், மற்றவர்கள் தான் சொன்னால் கேட்பார்கள், இன்னும் மூன்று பேரைத் தேடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை என்றார். நன்றிக்காகச் சொல்லவில்லை என்றும் சொன்னார். "அந்தப் புத்தகம் உங்ககிட்ட இருந்தாத்தான் எனக்கு நிம்மதி மச்சான். வேற யார்கிட்ட இருந்தாலும் நானே மாத்தி எழுதிடுவேன்."

கண்ணாடிக்காரர் நின்றுவிட்டார்.

"உங்களுக்காக நான் நாலு பேர்கிட்டப் பேசட்டுமா?" என்றார் மாப்பிள்ளை.

இதுவரை இந்தக் கதையில் யார் பேசினாலும் எனக்குக் கேட்டது. இந்த இடத்தில் கேட்கவில்லை. ஆறு நாளாக உட்கார்ந்து பார்த்துவிட்டேன். "பேசுங்க" என்று அவர் சொன்னால், மிதவாதிகளின் கைகளால் அவர் செயலாளர் ஆவார். டீச்சர் கேட்டது உண்மையாகிவிடும், நானும் என் கட்சிக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியாது. "வேண்டாம்" என்று சொன்னால் புத்தகம் பூட்டுக்கடைக்காரர் கைக்குப் போகும். முதல் வேலையாக ஏழாம் விதியை அவர் கிழிப்பார், பதினாறு பேரும் கைதட்டுவார்கள். கூட்டத்தில் நான் இருந்திருந்தால் நானும் தட்டியிருப்பேன். அதுதான் தொல்லை.

கையெழுத்துப் பிரதியை ஆசிரியருக்கு அனுப்பியிருந்தேன். கண்ணாடிக்காரர் லேசாகத் தலையசைத்தார் என்று முடிக்கலாமே அம்மா, ஆமாம் என்றும் இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாமே என்றார். தலையசைப்பதெல்லாம் இந்தக் கதையில் செல்லாது. அந்த மனிதருக்கு வாய் இருக்கிறது.

நான் எழுந்துகொள்கிறேன், கால் மரத்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், அவரை உங்களுக்கும் இப்போது தெரியும். மாப்பிள்ளை கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொல்லாதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கிறவர் என்னவென்று கேட்டால் கேட்கட்டும்.