பெயரில்லாத பட்டன்கள்

எங்கள் அலுவலகத்தில் போன் செயலிக்குத் திரை வடிவமைக்கிறவனுக்கு ‘இதோ’ என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் “இதோ முடிச்சிடறேன்” என்பான். அதோடு சரி, ஆளைப் பிடிக்க முடியாது.

அவன் செய்வதைச் சோதிப்பது என் வேலை. நான் எழுதி வைத்த ஸ்கிரிப்ட், மனிதரைப் போலவே செயலியைத் திறந்து பட்டனைத் தேடி அழுத்திப் பார்க்கும். ஆனால் அதற்குக் கண் கிடையாது. இதோவோ பட்டன்களுக்குப் பெயரே வைக்காமல் வெறும் படத்தைப் போட்டுவிடுவான். அதனால் ‘கீழ் வரிசையில் இரண்டாவது’ என்று இடத்தைச் சொல்லித்தான் ஸ்கிரிப்டை அனுப்ப வேண்டும். வரிசையில் ஒன்றைப் புதிதாகச் செருகினானோ, போச்சு.

என் தங்கைக்கும் பார்வை கிடையாது. ஒரு மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கிற வேலை. சம்பளம் கைக்கு வந்ததிலிருந்து வீட்டில் என்னையே அதட்டுவாள், அதைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். அந்த மருத்துவமனை வருகைப் பதிவுக்கு வாங்கித் தொலைத்தது எங்கள் செயலியைத்தான். விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று அவள் போன் வாசித்துச் சொல்லும். எங்கள் செயலியில் மட்டும் “பட்டன், பட்டன், பட்டன்” என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லும். அவளும் என் ஸ்கிரிப்ட் போலவே எண்ணிப் பார்த்து இரண்டாவதை அழுத்திக்கொண்டிருந்தாள்.

போன பதிப்பில் இதோ வரிசையின் தொடக்கத்தில் ஒரு பட்டனைச் செருகினான். இரண்டாவதாக ‘வந்தேன்’ இருந்த இடத்துக்கு ‘இன்று விடுப்பு’ வந்தது. என் ஸ்கிரிப்ட் அதை அழுத்திவிட்டு, சோதனை தோற்றது என்று சிவப்பு காட்டியது. “அது உங்க ஸ்கிரிப்ட் கோளாறும்மா” என்று மேனேஜர் செயலியை வெளியிட்டுவிட்டார். என் தங்கை அந்த வாரம் முழுக்கத் தன் நாற்காலியில் உட்கார்ந்து போன் எடுத்துக்கொண்டே தினமும் விடுப்பு போட்டிருக்கிறாள். எதை அழுத்தினாலும் “பதிவானது” என்றுதானே அது சொல்கிறது!

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்” என்றுவிட்டார் அவளுடைய சூப்பர்வைசர். வேறு யாரும் அவளுக்காக அழுத்தித் தரவும் கூடாதாம்.

மேனேஜரிடம் ஓடினேன்.

“பார்வை இல்லாதவங்க எத்தனை பேரும்மா இதை யூஸ் பண்றாங்க?”

“ஒருத்தி போதாதா சார்?”

அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்பட்டால் காரியம் நடக்காதே! தங்கை பேச்சை விட்டுவிட்டு, வேறு வழியாகப் போனேன். “ஒவ்வொரு பதிப்புக்கும் ஸ்கிரிப்ட் எல்லாம் உடையுது சார். பட்டனுக்குப் பேர் வெச்சா, எங்க மாத்தினாலும் ஸ்கிரிப்ட் பேரை வெச்சுக் கண்டுபிடிச்சிடும்.” இது அவர் காதில் ஏறியது. பெயரைத் திரையில் வைத்தால் ஸ்கிரிப்டுக்கும் கேட்கும், தங்கைக்கும் கேட்கும் என்பது என் கணக்கு.

“அடுத்த தடவை ‘வந்தேன்’னே சொல்லும்டி” என்றேன் அவளிடம்.

“அப்பாடா! இந்த எண்ணுற பிழைப்பு விட்டுச்சு” என்றாள்.

புதிய பதிப்பு வந்தது. அத்தனை சோதனையும் பச்சை. மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார். நான் போனை எடுத்து, வாசிக்கும் வசதியைப் போட்டு விரலை நகர்த்தினேன்.

“பட்டன். பட்டன். பட்டன்.”

“டேய், பேர் வெச்சியா இல்லையா?”

“வெச்சேனேக்கா” என்றான் இதோ. வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சொன்ன நேரத்தில் வேலையை முடித்திருந்தான். “உள்ள புரோகிராம் கோடுல வெச்சிருக்கேன். உங்க ஸ்கிரிப்ட் மட்டும்தான் படிக்கும். போனெல்லாம் அதை வாசிக்காது. இனிமே பட்டனை நான் எங்க வேணா தூக்கிப் போடலாம், உங்களுக்கு ஒண்ணும் உடையாது.”

அவன் செய்தது தப்பில்லை, பல இடத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல். மேனேஜரிடம் மறுபடி போய் நின்றேன்.

“உங்க ஸ்கிரிப்ட்தான் உடையறதில்லையே, அப்புறம் என்னம்மா?”

ஸ்கிரிப்ட் உடைகிறது என்பது ஒன்றுதான் அவரிடம் பேச என் கையில் இருந்தது. அதையும் நானே தீர்த்துவைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இதோவுக்குக் குஷி. பதிப்புக்குப் பதிப்பு வரிசையைக் கலைத்தான். நானும் காலையிலேயே பார்த்து “இன்னைக்கு ‘வந்தேன்’ நாலாவது, ‘கிளம்பினேன்’ அஞ்சாவது” என்று தங்கைக்குப் போன் செய்து சொல்வேன். ஒரு நாள் அவள் வேலைக்குப் போய் உட்கார்ந்த பிறகு மதியம் மாற்றினார்கள். மாலையில் ‘கிளம்பினேன்’ என்று அவள் அழுத்தியது மறுபடியும் விடுப்பில் விழுந்தது. மறுநாளே, இனி வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அன்று நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

“நேத்து உன் ஸ்கிரிப்ட் சரியா அழுத்துச்சாக்கா?”

“அழுத்துச்சு.”

“அதுக்காவது வேலை இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.