அப்பாவின் இரண்டு வார்த்தைகள்

பக்கவாதம் வந்து இரண்டு மாதத்தில் அப்பாவின் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வார்த்தைதான்: புவா. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது சொல்வோமே, அதே புவா. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், எந்த வார்த்தை வந்தாலும் விட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டாவது வார்த்தைக்காக நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

இருக்கிற ஒரு வார்த்தையோடு பட்ட பாடே போதும். "புவா" என்பார். கஞ்சியோடு ஓடுவேன். பல்லைக் கடித்துக்கொள்வார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனால் மறுபடியும் "புவா". "கேக்குறதும் நீ, வாயத் தொறக்க மாட்டேங்கிறதும் நீயா?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். கண் கலங்கினார். எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் அரிகிருஷ்ணன் காருக்குப் புது டச் ஸ்கிரீன் மாட்ட உட்கார்ந்தார். ஆன்லைனில் வாங்கியது. பாட்டு, மேப், பின்பக்கக் கேமரா எல்லாம் அதில் வருமாம். பல்பு மாட்டினாலே வீட்டு ஃபியூஸ் போகிற கை அவருக்கு.

"எலக்ட்ரீஷியனக் கூப்புடுங்க" என்றேன்.

"வீடியோ பாத்துட்டேன், வுடு."

அப்பாவை ஏசி அறையிலிருந்து சக்கர நாற்காலியில் தள்ளிவந்து காருக்கு எதிரே நிறுத்தினேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் வண்டி ரிப்பேர் பார்த்த சொல்தா, அதாவது சிப்பாய், அவர். அந்தப் பாஷையை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர், வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை. வண்டியைப் பார்த்தாலாவது மனசு தெளியட்டும் என்று நினைத்தேன்.

அரி பானெட்டைத் திறந்து, பேட்டரியின் பிளஸ்ஸில் ஒரு வயரை முறுக்கி, மறுமுனையைக் காருக்குள் இழுத்தார். அப்பா நிமிர்ந்தார். உதடு கோணிக் கோணி வந்தது.

"மா... மாஸ்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவது வார்த்தை!

"மாஸ்!" இந்த முறை தெளிவாகவே சொன்னார்.

"பாத்தியா? மாமாவே மாஸ்ங்கிறாரு!" அரிக்குத் தலைகால் புரியவில்லை. சினிமாவில் ஹீரோ வரும்போது தியேட்டரே கத்துமே, அந்த மாஸ். நான் கைதட்டினேன். கோவையில் படிக்கிற என் மகள் கவிநிலாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். அப்பா இடது கையால் நாற்காலியை அடித்தார். "மாஸ்! மாஸ்!" முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

"இன்னொரு வாட்டி சொல்லுப்பா" என்று கெஞ்சினேன். சொன்னார்.

அரியின் கையிலிருந்த வயர் முனை உள்ளே இரும்பில் பட்டது. படபடவென்று பொறி பறந்தது. கருகல் நாற்றம், டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகை. அரி கையை உதறிக்கொண்டு வெளியே குதித்தார். வயரே எரிந்து அறுந்தபிறகுதான் எல்லாம் அடங்கியது. அப்பா நாற்காலியை அடிப்பதை நிறுத்தியிருந்தார்.

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் எழிலரசன் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "பேட்டரியக் கழட்டாமயா சார் வேல பாத்தீங்க? மைனஸ மொதல்ல எடுத்துருந்தா ஒண்ணும் ஆயிருக்காதே."

அப்பா யாரையும் பார்க்காமல், "மாஸ்" என்றார்.

"அதான் பெரியவரே சொல்றாரே" என்றார் எழிலரசன்.

"என்ன சொல்றாரு?"

"மைனஸ் எர்த்து வயரச் சொல்றாருக்கா. எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவரும் சொல்தாதான். மைனஸுன்னு சொல்லவே மாட்டாரு, 'மாஸக் கழட்டுடா'ம்பாரு. பிரெஞ்சுல அதுக்கு அதான் பேராம்."

ஒரு மனுஷன் உயிரைக் கொடுத்துக் கத்தியிருக்கிறார், நான் கைதட்டியிருக்கிறேன். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கட்டிலில் படுக்கவைத்தேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. மாஸ் பிரெஞ்சு என்றால், மற்றது?

கவிநிலா பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்துப் படித்தவள். போன் போட்டேன்.

"கவி, புவான்னு பிரெஞ்சுல எதுனா இருக்காடி?"

"புவாவா? இல்லையே..." யோசித்தாள். "ஃப்ருவான்னு ஒண்ணு இருக்கும்மா. குளிருன்னு அர்த்தம். ஏன்?"

ஏசியைப் பார்த்தேன். பதினெட்டு. வியர்த்தால் முதுகில் புண் வரும் என்று போர்வையை மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டியவள் நான்தான். இரண்டு மாதமாக அது அங்கேயேதான் இருக்கிறது. அப்பாவின் பாதத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

"புவா" என்றார் அப்பா.

ஏசியை அணைத்துவிட்டுப் பீரோ சாவியைத் தேடினேன். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் அரி கிண்ணமும் ஸ்பூனுமாக வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா கேட்டாருல்ல, கஞ்சி கொண்டாந்துட்டேன்."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு ஸ்பூனுக்கு வாயைத் திறந்தார்.