ஓமச் சக்கை

ஜீவன் சக்கையைத் துப்பினான். டிஷ்யூவில் எச்சில் பழுப்பாக நூலிழுத்தது. அதைக் கசக்கி, காரின் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே போத்தல் வைக்கிற குழிக்குள் போட்டான். ஏற்கெனவே அங்கே நாலைந்து உருண்டைகள் கிடந்தன. ஷர்மினிக்குக் குமட்டியது.

கல்யாணமாகி ஒரு வாரம். வீட்டுக்கு வீடு விருந்து. மறுசோறு வாங்காவிட்டால் புதுப்பெண்ணுக்குத் திமிர் என்று பேச்சு வந்துவிடும். இன்று மதியம் சிம்பாங் ரெங்கத்தில் அவன் சித்தப்பா வீட்டு ஆட்டுக்கறி. இரவு பொந்தியானில் அத்தை வீட்டு நண்டு. இடையில் காருக்குள், சட்டைப்பையிலிருந்து ஓமத்தை அள்ளிப் போட்டு மாடு மாதிரி அசைபோடுவான். பிறகு ஏப்பம். கறியும் ஓமமும் கலந்த வாடை ஏசிக் காற்றோடு அவள் முகத்தில் அடிக்கும். சன்னலைத் திறக்கச் சொன்னால், "வெயிலு லா" என்பான். பட்டுச்சேலை, நகை, மண்டபம் எல்லாம் இந்த வாய்க்குத்தானா? ஆயுசு முழுக்க இதன் பக்கத்தில்தான் படுக்க வேண்டுமா? பெனூட் முச்சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் பொந்தியான், வலப்பக்கம் திரும்பினால் பத்து பாகாட், அவள் அம்மா வீடு. என்னைக் கொண்டுபோய் விட்டுவிடு என்று சொல்ல வாய்வரை வந்தது.

அப்போதுதான் வயிறு பிடித்துக்கொண்டது.

"என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"வயிறு கல்லு மாதிரி இருக்குங்க. மூச்சு விட முடியல."

"ஓமம் மெல்லு. இல்லன்னா அத்தை வீட்டுல எப்படிச் சாப்பிடுவ?"

நீட்டிய உள்ளங்கையில் ஓமம் வியர்வையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அருவருப்பில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போட்டாள். வலி வந்தால் மானம் பார்க்கவா முடியும்? காரம் நாக்கைச் சுட்டது. செம்பனை மரங்கள் பின்னால் ஓடின. வயிற்றுக்குள் ஏதோ புரண்டு மேலே ஏறியது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. ஊரே கேட்கிற மாதிரி நீளமாக ஏப்பம் வந்தது.

"அலமாக்! என்ன நாத்தம் இது!"

ஜீவன் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலை முழுதாக இறக்கினான்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "இப்ப வெயிலு அடிக்கலையா?"

அடுத்த ஏப்பம் வந்தபோது அவள் வாயை மூடவில்லை. அவன் பக்கமாகவே திரும்பி அதை விட்டாள். சக்கையை டிஷ்யூவில் துப்பி, கசக்கி, குழியில் போட்டாள். குழி நிறைந்திருந்தது. உருண்டை தங்காமல் உருண்டு, அவனுடைய வெள்ளை வேட்டியின் மடியில் போய் விழுந்தது.

முச்சந்தியில் கார் நின்றது. ஜீவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மடியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஈரம் வேட்டியில் மெல்லப் பரவியது. பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது. அவன் இன்னும் எந்தப் பக்கத்துக்கும் சிக்னல் போடவில்லை.