முத்தாயம்மாளின் மாஸ்க்கும் வெற்றிலையும்

எங்கள் கோழித்தீவன மில்லில் மக்காச்சோளம் அரைக்கும் கொட்டகைக்குள் ஐந்து நிமிடம் நின்றால் போதும், தூசியில் புருவம் நரைத்துவிடும். அங்கே எல்லோரையும் மாஸ்க் போடவைப்பது என் வேலை. மாஸ்க் இல்லாமல் மூன்று முறை பிடிபட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். மூட்டை தைக்கும் முத்தாயம்மாள் இரண்டு முறை பிடிபட்டாயிற்று. இத்தனைக்கும் அவருக்கு இருமல் வேறு.

"காது அறுந்துபோற மாதிரி இழுக்குது சாமி. அப்பறம் வெத்தலை எப்படிப் போடறது?" என்பார்.

ஒருநாள் பார்த்தால் மாஸ்க் முகத்தில் ஒழுங்காக இருந்தது. சந்தோஷமாகக் கிட்டே போனேன். வாய்க்கு நேராக ஓர் ஓட்டை! பிரிந்துவிடாமல் சுற்றிலும் சாக்கு நூலால் தைத்தும் வைத்திருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"இதுக்குப் போடாமயே இருக்கலாங்கக்கா! வேலை போனா என்ன பண்ணுவீங்க?"

அவர் முகம் வாடிவிட்டது. "ஊட்டுல உக்கார முடியாது சாமி. நாள் பூரா மருமக டீவி ஓடும்."

கத்தியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. புது மாஸ்க் எடுத்தேன். காதில் மாட்டும் நாடா இரண்டையும் பின்னால் இழுத்து, ஒரு துணிப்பட்டையில் சேர்த்துக் கொண்டைக்குக் கீழே முடிந்தேன். மேல்கம்பியை மூக்குத்தியில் படாமல் வளைத்துவிட்டேன். வெற்றிலை போட மணிக்கு ஒருமுறை வெளியே போய்வரலாம் என்றும் சொன்னேன்.

பத்து நாள் கழித்து முதலாளி வந்தார். வேப்பமரத்தடியில் முத்தாயம்மாள் திருதிருவென்று நின்றிருந்தார். மாஸ்க் முழுக்கச் சிவப்பு. தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, ரத்தம்! சத்யபிரியா, காரை எடுக்கச் சொல்லு!" என்று முதலாளி அலறினார். அந்த இருமல்தான் என்று நினைத்து நான் அவரிடம் ஓடினேன்.

"ரத்தமில்லீங்க முதலாளி, வெத்தலைங்க" என்றார் முத்தாயம்மாள். "வாயில போட்டுட்டு மாஸ்க்கை ஏத்தி உட்டேனுங்க. அப்பறம் அது இருக்கறதே மறந்துபோயித் துப்பிட்டேன்." குரல் இறங்கியது. "இது மூணாவது தடவைங்களா?"

முதலாளி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"மாஸ்க் போடாதவங்களைத்தானுங்க நான் அனுப்பறேன்னு சொன்னேன். நீங்க துப்பறதுக்குக்கூட கழட்டலியே!"