ஷார்ப் செய்த கிளி

எங்கள் பறவை பார்க்கும் குழுவில் மங்கலான படத்தை ஷார்ப் செய்ய வேண்டுமென்றால் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். போன குளிர்காலத்தில், எங்கள் தீவின் தென்கோடியில் இருக்கிற டோவர் ஊர் மன்றத்தில் புரொஜெக்டர் வைத்து இரண்டு மணி நேரம் பாடமே எடுத்திருக்கிறேன். எந்த மென்பொருள் நல்லது, எது காசுக்குக் கேடு, எந்த அளவைத் தாண்டினால் பறவை பிளாஸ்டிக் பொம்மையாகிவிடும் என்று வாய் ஓயாமல் பேசினேன். அப்பேர்ப்பட்ட நானே அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரே ஒரு படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மேட்டுக் காட்டில் ரம்பம் இறங்குகிறது. அதற்குள், ஸ்விஃப்ட் கிளி அங்கே கூடு வைத்திருப்பதற்கு வனத்துறைக்குப் படச் சான்று போனால், அந்த மரத்தைச் சுற்றி வெட்டுவதை நிறுத்திவிட்டு ஆளனுப்பிப் பார்ப்பார்கள். ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். இந்தக் கிளி உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம் என்கிறார்கள். அது குடியிருக்கிற அளவுக்கு ஒரு மரத்தில் பொந்து விழ நூறு வருஷத்துக்கு மேல் ஆகும்.

என்னிடம் இருந்தது ஒரே படம். புதன்கிழமை காலைத் தூறலில் எடுத்தது. வெளிச்சம் போதவில்லை, கையும் ஆடிவிட்டது. கிழட்டுத் தைல மரத்தின் பொந்திலிருந்து ஒரு பச்சைத் தலை எட்டிப் பார்க்கிறது, முகத்தில் சிவப்பு. அலகைச் சுற்றி மட்டும் சிவப்பென்றால் ஸ்விஃப்ட் கிளி. சிவப்பு கண்ணைத் தாண்டிக் காதுப் பக்கம் ஓடினால் அது லோரிகீட், கடற்கரைத் தெருவெல்லாம் கத்திக்கொண்டு திரிகிற சாதாரணக் கிளி. என் படத்தில் சிவப்பு, மேஜைத் துணியில் சிந்திய பீட்ரூட் சாறு மாதிரிப் பரவிக் கிடந்தது.

பொந்தையும் முகத்தையும் மட்டும் வெட்டியெடுத்து வைத்துக்கொண்டேன். முதலில் பழைய முறை. ஓரங்களை மட்டும் அழுத்திக் காட்டும். அழுத்த அழுத்தப் புள்ளிகள்தான் பொங்கின, சிவப்பு அப்படியே கிடந்தது. அடுத்து, கை எந்தத் திசையில் ஆடியதென்று கணக்குப் போட்டுப் படத்தைப் பின்னுக்கு இழுக்கிற முறை. அதில் பொந்தின் விளிம்பு தெளிந்தது, பறவைக்கு இரண்டு அலகு முளைத்தது. மணி நாலாகிவிட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கடைசியில் ஏஐ மென்பொருளில் போட்டேன். பாடத்தில் நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது அதைத்தான். அரை நிமிஷத்தில் இறகு இறகாக ஒரு முகம் வந்தது, கண்ணில் மினுக்கம்கூட இருந்தது. சிவப்பு மட்டும் கண்ணைத் தாண்டிக் காது வரைக்கும் போயிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

என் கணவர் லயால், சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ஸ்கேலப் பை ஒன்றைத் தட்டில் வைத்துத் தின்றுகொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"இது லோரிகீட் இல்ல?"

"கொஞ்சம் சும்மா இரு."

அளவைக் கூட்டி மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை சிவப்பு அலகைச் சுற்றி அடங்கி நின்றது, ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு வேறு. புத்தகத்தில் இருக்கிற ஸ்விஃப்ட் கிளி அப்படியே.

"இந்தா வந்துருச்சே. அனுப்பு."

"ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடி இதுவேதான் லோரிகீட்டா இருந்துச்சு, லயால்."

"அதுக்கென்ன பண்றது? மரத்தடில நின்னு பாத்தது நீ. நீ பாத்தது எது?"

"கண்ண மூடினா இந்தப் படந்தான் வருது. அன்னிக்குப் பாத்தது வர மாட்டேங்குது."

"அடிப்போடி. நாப்பது வருஷமா பறவை பாக்குறவ பேசுற பேச்சா இது? திங்கக்கிழமை மரம் விழுந்தப்புறம் எங்கிட்ட வந்து அழாத."

அனுப்பும் பொத்தான் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, அழுத்தத்தான் இருந்தேன். எதற்கும் இருக்கட்டுமென்று படத்தின் ஓரத்தை ஒரு நூல் வெட்டிவிட்டு இன்னொரு முறை ஓட்டினேன். மூன்றாவதாக வந்த முகத்தில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தது. அப்படி ஒரு கிளி இந்தத் தீவிலேயே கிடையாது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கேமரா பதிந்த அசல், அதாவது ரா ஃபைல், அதன் கார்டிலேயே கிடந்தது. கார்டைத் துடைக்கச் சோம்பல்பட்டு விட்டுவைத்திருந்தேன், அவ்வளவுதான். வெட்டாமல், ஷார்ப் செய்யாமல், கலங்கல் கலங்கலாகவே அதை ஏற்றினேன். விளக்கம் கேட்ட இடத்தில், 'புதன்கிழமை பார்த்தபோது ஸ்விஃப்ட் கிளி என்றுதான் நினைத்தேன். இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்று எழுதினேன். மணி நாலு ஐம்பத்தாறு. லயால் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்தே காலுக்குப் போன் அடித்தது. சான்றுகளைச் சரிபார்க்கிற அன்னெலீஸ்.

"நெரிடா, உங்க படம் பாத்தேன். முகத்த வெச்சு ஒண்ணுமே சொல்ல முடியாது."

"தெரியும்."

"ஆனா நீங்க வெட்டாம அனுப்பியிருக்கீங்க பாருங்க, அடிக்கிளைல இன்னொரு பறவை உக்காந்திருக்கு. வாலு நீளமா, கூரா. லோரிகீட்டுக்கு அந்த வாலு கெடையாது. உங்க மரத்துக்கு நாளைக்கே ஆள் அனுப்புறேன்."

நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும். உங்க குழுவுலேர்ந்து இன்னும் ஒம்பது மரத்துக்குப் படம் வந்திருக்கு. ஒம்பதுலயும் முகம் மட்டுந்தான், எறகெல்லாம் ஒரே மாதிரி. ஒரே கிளியத் தூக்கித் தூக்கி ஒம்பது பொந்துல வெச்ச மாதிரி இருக்கு. இத நான் எடுத்துக்க முடியாது. யாரு இவங்களுக்கு இந்த மென்பொருளச் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்."

அந்தப் படங்களை அனுப்பியவர்களின் பெயர்ப் பட்டியலை அவர் எனக்கு அனுப்பினார்.

"சரி. ரா ஃபைல் வெச்சிருப்பாங்கல்ல? ஆறு மணி வரைக்கும் இருப்பேன். என் பொறுப்புல சேத்துக்கறேன். அனுப்பச் சொல்லுங்க."

மன்றத்தில் நான் காட்டிய கடைசிப் பக்கம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. படம் ஷார்ப்பாகக் கைக்கு வந்ததும் பழையதை அழித்துவிடுங்கள், குப்பையைச் சேர்த்து டிஸ்க்கை அடைக்காதீர்கள். சொன்னதோடு விட்டேனா, எல்லோரும் எழுதிக்கொண்டார்களா என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

பட்டியலில் முதல் பெயர் மெர்வ். முட்டிவலியோடு மூன்று வாரம் மேட்டுக் காட்டில் ஏறி இறங்கிய மனுஷன். முதல் மணியிலேயே போனை எடுத்துவிட்டார்.

"ஒன் போனுக்குத்தாம்மா காத்துட்டிருக்கேன். எம் படம் பாத்தாங்களா? நீ சொன்னபடியேதான் செஞ்சேன், ஒண்ணு விடல."