அரிச்சந்திரன் கல்

உத்திரமேரூர் ஏரிக்கரை தாண்டி, சுடுகாட்டு முனையில் பாடையை இறக்கி வைத்ததும் ஸ்ரீலேகா கொள்ளிச்சட்டியைத் தரையில் வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள். அப்பா ஜெகநாதனுக்கு மகன் இல்லை. எல்லாம் அவள்தான்.

எதிரே அரிச்சந்திரன் கல். சாவு வீட்டார் அதைக் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்து வழி கேட்ட பிறகுதான் பிணம் உள்ளே போகும். மற்ற நாளில் யாரும் தொடக்கூடாது. எத்தனை தலைமுறை எண்ணெயோ, தார் டின் மாதிரிக் கறுத்திருந்தது.

ஒரு தடவை எண்ணெய்ப் பொருக்கு உதிர்ந்த இடத்தில் ஜெகநாதன் இரண்டு எழுத்தைப் பார்த்தார். அது பல்லவர் கல் என்று பன்னிரண்டு வருஷம் கரடியாய்க் கத்தினார். சுரண்டிப் பார்க்க ஊர் விடவில்லை. டீக்கடையில் "பல்லவ ராஜா வராரு" என்று கிண்டல் வேறு. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தும் மகளே பாதிதான் நம்பினாள். நாளைக்கு அந்த இடத்தில் சிமெண்ட் மேடை. கல் பாதிக்கு மேல் புதைந்துவிடும். ஜல்லிகூட வந்து இறங்கிவிட்டது.

"நான் செத்தா அந்தக் கல்லு உன் கைக்கு வரும். உட்றாத," என்று ஆஸ்பத்திரியில் சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

அப்பாவைக் குளிப்பாட்டி மிஞ்சிய சீயக்காயைப் பையிலிருந்து எடுத்து, தேங்காய் நாரால் கல்லைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா பண்ற? ரெண்டு சொம்பு ஊத்தினா போதும். வெயில் ஏறிக்கினு கீது," என்றார் சித்தப்பா வேதாசலம். மேடை வேலை அவர் பொறுப்பு.

"குளிப்பாட்டணும்னுதான சித்தப்பா மொற? எத்தினி சொம்புன்னு யாரு சொன்னது?"

அந்த இடத்தில் சாவு வீட்டாரை யாரும் தடுக்க முடியாது. கறுப்புத் தண்ணீர் ஓடி ஓடி, ஒருவழியாய்த் தெளிந்தது. துணியால் துடைத்து, ஒரு பிடி திருநீற்றை அப்பி வழித்தாள். பள்ளங்களில் வெள்ளை தங்கியது. வரிவரியாய் எழுத்து.

"தந்தி... விக்கிரம..." அப்பா பழக்கிய பழைய எழுத்தை விரல் வைத்துப் படித்தாள். "தந்திவிக்கிரமன்னா தந்திவர்மன் சித்தப்பா. பல்லவ ராஜா. ஆயிரத்து எரநூறு வருசம்."

பாடையில் படுத்துக்கொண்டே அப்பா ஜெயித்துவிட்டார்.

"அப்ப அவரு சொன்னது நெசந்தானா," என்றான் டீக்கடை ஏசுதாஸ். யாரும் சிரிக்கவில்லை.

வேதாசலம் குனிந்து எழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். "நாளிக்கு கலவை வேணாம்பா. மேடைய அந்தாண்ட போட்டுக்கலாம்." ஸ்ரீலேகா கல்லுக்கு ஒரு பொட்டு எண்ணெய் வைத்து வழி கேட்டாள். அவர் பாடையின் முன்பக்கம் போய்த் தானே தோள் கொடுத்தார். "தூக்குங்கப்பா. அண்ணன் போவட்டும்."

மேளம் முன்னைவிடப் பலமாய்க் கிளம்பியது. ஸ்ரீலேகா கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தாள். கையில் சீயக்காய் வாசனை. காலையில் அப்பாவின் தலையிலும் அதுதான் மணந்தது.