வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

மெஷின் ரூம் கதவில் முதுகைச் சாய்த்து, மாடிப்படியின் உச்சியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள் கண்டக்டரக்கா. காலை டிரிப் முடிந்த கையோடு வந்தவள், யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. கதவுக்கு உள்ளே, லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்துச் சுவரில், ஓர் ஆணியில் மஞ்சள் அட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் தொடவில்லை. தொடாமல் இருப்பதற்குத்தான் பெரும்பாடு பட வேண்டியிருந்தது.

“தொட்டீங்கன்னா கதை முடிஞ்சுது,” என்று வக்கீலம்மா போனில் சொல்லியிருந்தார். “நீங்களே எழுதி மாட்டினீங்கன்னு சொல்லிடுவாங்க. நான் ஆர்டர் வாங்கிக்கிட்டு கோர்ட் அதிகாரியோட வரேன். அதுவரைக்கும் ஒரு ஆளையும் உள்ள விடாதீங்க.”

விடுவாளா? இருபது வருஷமாக அவளைத் தாண்டி டிக்கெட் இல்லாமல் ஓர் ஈகூட பஸ்ஸைவிட்டு இறங்கியதில்லை.

விஷயம் இதுதான். அவள் தம்பி லிஃப்ட் மெக்கானிக். நாளுக்கு ஒன்றாக வாரத்துக்கு ஐந்து கட்டடங்கள் அவன் பொறுப்பு. சர்வீஸ் செய்த நாள், நேரம், கையெழுத்து மூன்றையும் அங்கே தொங்கும் அட்டையில் போட வேண்டும். அந்தக் கம்பெனியில் யார் அப்படிப் போட்டார்கள்? திங்கட்கிழமை காலையில் எல்லாக் கட்டடங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி, வாரம் முழுவதற்கும் கையெழுத்தைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் எவராவது நடுவில் மாட்டிக்கொண்டு கூப்பாடு போட்டால்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது. தம்பி மட்டும் என்ன உத்தமனா? அவனும் அதே ரகம்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிவாக்கில், அந்த ஐந்தில் ஒரு கட்டடத்தில் ஓர் ஆபீஸ்காரரை எவனோ மண்டையில் அடித்துக் கொன்றுவிட்டான். அடித்த ஸ்பேனர், தம்பி அங்கே மெஷின் ரூமில் போட்டுவிட்டு வந்தது. அதில் அவன் கைரேகை இல்லாமல் இருக்குமா? அட்டையிலோ, ‘செவ்வாய், 11 மணி’ என்று தன் கையாலேயே எழுதி வைத்திருந்தான் புண்ணியவான். அந்தப் பதினொரு மணிக்கு அவன் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அக்கா. கூடப் பிறந்தவள் சொல்லி எந்தக் கோர்ட் கேட்டது? புதன்கிழமை காலையில் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஆயுள் தண்டனை. அப்பீல் இன்றுவரை தூங்குகிறது.

முன்கூட்டியே கையெழுத்துப் போடுவதைத் தம்பி கோர்ட்டில் சொல்லத்தான் செய்தான். கம்பெனி சூப்பர்வைசர் சாட்சிக் கூண்டில் ஏறினார். “வேலை முடிஞ்சதை நேர்ல பார்த்துட்டுத்தான் நானே கையெழுத்துப் போடுவேன். எங்க கம்பெனியில அந்தப் பேச்சுக்கே இடமில்லை,” என்று கூசாமல் சொல்லிவிட்டு இறங்கினார். கொலை நடந்த கட்டடத்து அட்டை போலீஸ் கையில். அதற்குள் வேறு மூன்று கட்டடங்களின் அட்டைகளைக் கம்பெனி புதிதாக மாற்றிவிட்டிருந்தது. ஐந்தாவதில் மட்டும் கை வைக்க முடியவில்லை. ஏதோ சொத்துத் தகராறில், கொலை நடந்த வாரம் வியாழக்கிழமை காலையிலேயே கோர்ட் அதற்குச் சீல் வைத்துவிட்டது. அதைத் திறந்து பார்க்கக் கேட்ட மனுவும் அப்பீலோடு சேர்ந்து தூங்கியது.

அந்தப் பூட்டை ஆறு வருஷமாக பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டே போனவள், இன்று காலை, தகராறு தீர்ந்து திறந்திருந்த கதவையும் வெள்ளையடிப்பவர்களையும் பார்த்தாள். வாட்ச்மேனிடம் மன்றாடி மேலே வந்தாள். அட்டையின் கடைசி வரியில் தம்பியின் கிறுக்கல் இருந்தது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எழுதியவன் மட்டும் எதிரில் இருந்திருந்தால் முதலில் இரண்டு அறை விட்டுவிட்டுத்தான் கட்டிப் பிடித்திருப்பாள்.

படியில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. லிஃப்டை ஓடவைக்கச் சொல்லிக் கட்டடக்காரர்கள் கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறார்கள். மெக்கானிக்கை அனுப்பாமல் சூப்பர்வைசரே ஏழு மாடி ஏறி வந்திருக்கிறார் என்றால், அவருக்கும் அந்த அட்டை ஞாபகம் இருக்கிறது.

“யாரும்மா அது? வழியை விடு,” என்றவர், முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“நான்தான் சார். மெக்கானிக்கோட அக்கா.”

குரலை இறக்கிக்கொண்டார். “இந்தாம்மா, நல்லதுக்குச் சொல்றேன். இது வெளிய வந்தா நாப்பது மெக்கானிக்குக்கு லைசென்ஸ் போயிடும். எல்லாரும் உன் தம்பிகூட வேலை பார்த்தவங்க. புள்ளகுட்டிக்காரங்க.”

“அவனுக்கும் ஒரு பொண்ணு இருக்கா சார். அவ முதல் அடி எடுத்து வச்சதைக்கூட அவன் பார்க்கல.”

“அவன் பொய்க் கையெழுத்துப் போட்டவன்தானே?”

“போட்டான். சோம்பேறி, ஏமாத்துக்காரன். நானே சொல்றேன், எழுதிக்குங்க. அதுக்கு வேலையை விட்டுத் தூக்குங்க. ஆயுசு முழுக்க ஜெயில்லயா வைப்பீங்க?”

பேசிப் பயனில்லை என்று கண்டு, அவளைத் தாண்டிக் காலை வைத்தார் அவர். கண்டக்டரக்கா எழுந்து விசிலை வாயில் வைத்துக்கொண்டு, கதவு நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி ஊதினாள். மாடிக்கு மாடி எதிரொலித்தது. பிரஷ்ஷும் கையுமாக வெள்ளையடிப்பவர்கள் நாலு பேரும், வாட்ச்மேனும் ஓடி வந்தார்கள்.

“என்னை நகர்த்தணும்னா இவங்க முன்னாடி நகர்த்துங்க,” என்றாள்.

சூப்பர்வைசருக்கு அந்தத் தைரியம் இல்லை. திரும்பிப் போகவும் மனம் வராமல் சுவரோரம் நின்றார். ஒன்றரை மணி நேரம் அப்படியே ஓடியது. அவளுக்குக் கால் மரத்துப்போனது. உட்காரவே இல்லை.

வக்கீலம்மாவும் கோர்ட் அதிகாரியும் வந்த பிறகுதான் கையை எடுத்தாள். அதிகாரி எல்லோரையும் சாட்சியாக வாசலில் நிறுத்தி, அட்டையை ஆணியிலிருந்து கழற்றி வாய்விட்டுப் படித்தார்.

“வெள்ளிக்கிழமை. காலை பதினொரு மணி, மெக்கானிக் கையெழுத்து. மாலை நாலு மணி, ‘நேரில் சரிபார்த்தேன்’, சூப்பர்வைசர் கையெழுத்து.” நிமிர்ந்தார். “கொலை நடந்த வாரத்துத் தேதி. அந்த வெள்ளிக்கிழமை மெக்கானிக் எங்கே?”

“புதன்கிழமைல இருந்து லாக்கப்ல,” என்றார் வக்கீலம்மா.

அதிகாரி சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். “வியாழக்கிழமை இந்தக் கட்டடத்துக்குச் சீல் வச்சது எங்க கோர்ட். மறுநாள் நீங்க எந்த வழியா உள்ள வந்து சரிபார்த்தீங்க?”

டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது போல அவர் சுவரைப் பார்த்தார்.

“கேக்குறாருல்ல? வாயைத் திறந்து சொல்லுங்க சார்,” என்றாள் கண்டக்டரக்கா. “அவர் எழுதணும்.”

“கையெழுத்து என்னோடதுதான்,” என்றார். “திங்கட்கிழமையே போட்டது.”

அதிகாரி அதை அப்படியே எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார். சூப்பர்வைசர் பேனாவை வாங்கினார். அக்காவுக்கு இரக்கம் துளியும் வரவில்லை. தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர் கண்ணெதிரே பிடித்தாள்.

“நேரத்தையும் போடுங்க சார். இந்த ஒரு தடவையாவது பார்த்துப் போடுங்க.”